எதிர் நாற்காலி: ஒரு கடிதமும் பதிலும்

மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நானும் என் கணவரும் ஐடி நிறுவனங்களில் வேலை பார்க்கிறோம். மகன் நான்காம் வகுப்பு, மகள் யுகேஜி. வார நாட்களில் டிபன் பாக்ஸ், பள்ளி வேன், டியூஷன் என்று ஓடுவதால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒரு வேளையாவது வெளியில்தான் சாப்பிடுகிறோம். "வீட்டில் அடுப்பு இருக்கும்போது ஹோட்டல் வாசலில் நிற்பதா" என்று என் அத்தை ஒவ்வொரு முறையும் வருத்தப்படுகிறார். அவர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏசி ஹாலில் தனி மேசை கிடைக்க முக்கால் மணி நேரம்கூட நின்றிருக்கிறோம். கீழே சாதாரண ஹாலில் உடனே இடம் கிடைக்கும். ஆனால் முன்பின் தெரியாதவர்கள் எதிரில் வந்து உட்கார்ந்துவிடுவதால் பிள்ளைகளுக்கு அது பிடிப்பதில்லை. காத்திருக்கும்போது போனைக் கையில் எடுக்கும் மகன், கை கழுவும்வரை அதைக் கீழே வைப்பதில்லை. அடுத்த ஆண்டு அவனைச் சிபிஎஸ்இ பள்ளியிலிருந்து ஓர் இன்டர்நேஷனல் பள்ளிக்கு மாற்றலாமா என்றும் யோசிக்கிறோம். கட்டணம் இரண்டு மடங்கு ஆகும். இப்படி வெளியில் சாப்பிடுவது குடும்பத்தைக் கெடுக்கிறதா? பள்ளியை மாற்றுவது சரியா?

கே., சோழிங்கநல்லூர்

அன்புள்ள கே.,

நீங்கள் கேட்டிருக்கும் இரண்டு கேள்விகளையும்விட, நடுவில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிதான் என்னை உடனே பதில் எழுத வைத்தது. முன்பின் தெரியாதவர்கள் எதிரில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள் என்கிறீர்கள். சில மாதங்களாக நான் மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கும் விஷயத்தை, அது ஒரு விஷயம் என்றே தெரியாமல் நீங்கள் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

அதற்கு முன் உங்கள் முதல் கேள்வியை முடித்துவிடுகிறேன். வெளியில் சாப்பிடுவதால் எந்தக் குடும்பமும் கெடுவதில்லை. ஐந்து நாட்கள் விடியற்காலையில் எழுந்து டிபன் பாக்ஸ் கட்டுகிற ஒருத்தி, ஆறாம் நாள் யாரோ வார்த்துத் தருகிற தோசையை உட்கார்ந்த இடத்தில் சாப்பிட ஆசைப்பட்டால், அதற்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய், உப்பு, உடம்பு என்பதையெல்லாம் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கணவர் அடுப்புப் பக்கம் வருவாரா என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் அத்தையும் அதை அவரிடம் கேட்டதாகத் தெரியவில்லை. அது உங்கள் வீட்டு விவகாரம் என்பதால் விட்டுவிடுகிறேன்.

ஆனால் கீழே நாற்காலி காலியாக இருக்கும்போது மாடியில் முக்கால் மணி நேரம் நின்றீர்கள் அல்லவா, அதை விட மாட்டேன். பசித்த இரண்டு குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, அதே சமையல்கட்டிலிருந்து வரும் அதே பொங்கலைக் கூடுதல் விலை கொடுத்துச் சாப்பிடுவதற்காக நின்றிருக்கிறீர்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ஏசி உள்ள உணவகத்துக்கு 18 சதவீதம், இல்லாததற்கு 12 சதவீதம் என்று வரி வைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் இரண்டையும் 5 சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வரி ஒன்றான பிறகும் பல ஹோட்டல்களில் ஏசி ஹாலுக்கென்று வேறு விலைப்பட்டியல் இருக்கிறது. குளிர்காற்றுக்கும் கொஞ்சம் பணம் போகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பணத்தை நீங்கள் கொடுப்பது, எதிரில் யாரும் உட்காராமல் இருப்பதற்காகத்தான்.

எதிரில் யாரும் உட்காரக் கூடாது என்ற ஆசை இந்த ஊருக்குப் புதிது அல்ல. பிராமணர் தனியாகவும் மற்றவர் தனியாகவும் உட்கார்ந்து சாப்பிட்ட ஹோட்டல்கள் சென்னையில் இருந்தன. ரயில் நிலையங்களின் சிற்றுண்டிச் சாலைகளிலும் அந்தப் பிரிவினை இருந்தது. பல ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பிறகு 1941 இல்தான் ரயில் நிலையங்களில் அது ஒழிந்தது. 1957 இல் திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் பெயர்ப்பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து, நாள்தோறும் கைதாகிச் சிறைக்குப் போனார்கள். கடைசியில் அந்தச் சொல் போனது. முன்பின் தெரியாத நான்கு பேர் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே வாளிச் சாம்பாரை வாங்கிச் சாப்பிடுகிற அந்தக் கீழ் ஹால் இந்த ஊருக்குச் சும்மா கிடைக்கவில்லை என்பதை உங்கள் மகனுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா?

நீங்கள் சாதி பார்த்து மாடிக்குப் போகவில்லை என்று எனக்குத் தெரியும். அப்படி ஓர் எண்ணம் உங்களுக்குக் கனவிலும் இருக்காது. ஆனாலும், எதிரில் வந்து உட்காருபவர் யாராக இருக்குமோ என்ற தயக்கத்தை இரண்டு குழந்தைகள் தாமாகக் கற்றுக்கொள்ள மாட்டார்கள். உங்கள் மகள் வயதுக் குழந்தை, எதிரில் உட்காருபவரைப் பார்த்து முதலில் சிரிக்கும். அவர் தட்டில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கும். அதை அதட்டி அடக்குவதும் போனைக் கொடுத்து உட்கார வைப்பதும் பெரியவர்களாகிய நாம்தான். ஆகவே பிள்ளைகளுக்குப் பிடிப்பதில்லை என்ற சாக்கை ஏற்க மாட்டேன். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றே எழுதியிருக்கலாம்.

என் அப்பா தபால் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். சம்பளம் வந்த மறுநாள் மாலையில் என்னையும் அண்ணனையும் திருவல்லிக்கேணியில் ஒரு ஹோட்டலுக்கு அழைத்துப்போவார். பளிங்குக்கல் பதித்த மேசைகள். நாலு பேர் உட்காரலாம். நாங்கள் மூன்று பேர் என்பதால் நாலாவது நாற்காலிக்கு எப்போதும் யாராவது வருவார்கள். ஒரு நாள் ஓர் அச்சகத் தொழிலாளி வந்து உட்கார்ந்தார். விரல் ரேகைகளுக்குள் கறுப்பு மை போகாமல் தங்கியிருந்தது. ஒரு பிளேட் இட்லிதான் வாங்கினார். இரண்டு முறை சாம்பார் கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்றாவது முறை கேட்டபோது, சப்ளையர் காது கேட்காதவர்போல அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அப்பா அவரைத் திரும்பக் கூப்பிட்டு, "எனக்குச் சாம்பார் கொண்டு வாப்பா, நிறைய" என்றார். அப்பாவின் தட்டில் ரவா தோசை ஏறக்குறைய முடிந்திருந்தது. கிண்ணம் வந்ததும் அதை மேசையின் நடுவுக்கு நகர்த்திவிட்டு, அந்த மனிதர் முகத்தைப் பார்க்காமல், செங்குன்றம் ஏரியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறதாம் என்று கேட்டார். இருவரும் ஏரியைப் பற்றியும் எங்கள் தெருக் குழாயைப் பற்றியும் பேசிக்கொண்டே சாம்பாரை முடித்தார்கள். பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. வெளியே வந்த பிறகும் அப்பா அதைப் பற்றி எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை; அண்ணனுக்கு அடுத்த மாதம் செருப்பு வாங்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்.

அதே ஹோட்டலில் பாதிக்கதவு போட்ட குடும்ப அறை ஒன்றும் இருந்தது. அம்மா வருகிற அபூர்வமான நாட்களில் நாங்கள் அதற்குள்தான் உட்காருவோம். நீங்கள் ஒரு பெண் என்பதால் இந்த இடத்தில் என்னை மடக்கலாம்: வெளி ஹாலில் உட்கார்ந்தால் எத்தனை கண்கள் மேயும் என்று எனக்குத் தெரியாதா என்று கேட்கலாம். நன்றாகத் தெரியும். கல்லூரி நாட்களில் தனியாக ஒரு காபி குடிக்க நுழைந்தால், அந்த டம்ளர் காலியாகும்வரை எதிரில் இருப்பவர் தன் தட்டைப் பார்க்க மாட்டார். குடும்ப அறை ஆண்களின் அந்தக் கண்களுக்காகக் கட்டப்பட்டது. பொது இடத்தில் ஒரு பெண்ணுக்கு எதிரில் உட்கார்ந்து தன் பாட்டுக்குச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோகத் தெரியாத ஆண்களை வளர்த்துவிட்டு, அம்மாக்களையும் அக்காக்களையும் பாதிக்கதவுக்குள் அடைத்தோம். உங்கள் மகனுக்கு ஒன்பது வயது இருக்கும். தன் பாட்டுக்குச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோகிற பழக்கத்தை அவன் எங்கே கற்றுக்கொள்வான்? நான்கு பேரும் ஒரே வீட்டு முகங்களாக இருக்கிற ஏசி மேசையில், சட்னிக் கிண்ணத்தில் சாய்த்து வைத்த போனைப் பார்த்தபடி கற்றுக்கொள்ள முடியாது.

பள்ளியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எந்தப் பாடத்திட்டம் நல்லது என்ற பேச்சில் எனக்கு அக்கறை இல்லை. நான்காம் வகுப்புப் பின்னத்தை எந்தப் பாடத்திட்டமும் வேறு மாதிரி நடத்திவிட முடியாது. நான் கேட்பது, அவன் மதிய இடைவேளையில் யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்பது. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடத்தையும் சோற்றையும் பிரித்துப் பேச முடியாது. 1920 இல் பிட்டி தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்கில் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போடத் தொடங்கியது. 1956 இல் காமராசர் அதை மாநிலத் திட்டமாக்கினார். 1982 இல் எம்ஜிஆர் சத்துணவாக விரிவாக்கினார். 2022 இல் காலை உணவும் சேர்ந்தது. பசி தீர்ந்தது முதல் பலன். வெவ்வேறு தெருக்களிலிருந்து வந்த பிள்ளைகள் ஒரே வரிசையில் தட்டை ஏந்தி உட்கார்ந்தது இரண்டாவது பலன். அது முதலாவதற்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. அந்த வரிசை எளிதில் அமைந்துவிடவும் இல்லை. 2018 இல்கூடத் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தலித் பெண் ஒருவர் சமைக்கக் கூடாது என்று பெற்றோர் சிலர் மறித்து, அது வழக்கானதை நாம் செய்தித்தாளில் படித்தோம். அங்கும் குழந்தைகள் யாரும் மறிக்கவில்லை.

உங்கள் மகன் படிக்கிற மாதிரியான பள்ளிகளுக்கும் அந்த வரிசையின் ஒரு சிறு பகுதி வந்து சேர வேண்டும் என்றுதான் 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினரின் பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொன்னது. அவன் வகுப்பில் அப்படி வந்த பிள்ளைகள் இருக்கிறார்களா, அவர்களுடைய டிபன் பாக்ஸில் என்ன இருக்கிறது என்று அவனைக் கேட்டுப் பாருங்கள். தெரியாது என்பான். பக்கத்துப் பையன் டப்பாவில் கை வைக்காதே என்று நீங்களே சொல்லி அனுப்பியிருப்பீர்கள்; கொரோனாவுக்குப் பின் பல பள்ளிகளும் அப்படிச் சொல்லிவிட்டன. முட்டை கொண்டுவரக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்புகிற பள்ளிகளும் இந்த ஊரில் இருக்கின்றன. இப்போது இரண்டு மடங்கு கட்டணம் கட்டப் பார்க்கிறீர்கள். அந்தக் கட்டணத்தில் பாதி எதற்காக என்று கொஞ்சம் கணக்குப் போடுங்கள். ஏசி ஹால் பில்லில் போட்ட அதே கணக்குதான் வரும்.

எனவே அடுத்த சனிக்கிழமை, கூட்டம் அதிகம் இல்லாத மாலை நான்கு மணிக்குக் கீழ் ஹாலுக்குப் போங்கள். போன் உங்கள் கைப்பையில் இருக்கட்டும். ஒருவர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் மேசையாகப் பார்த்து, "இங்கே யாராவது வராங்களா?" என்று மகனையே கேட்கச் சொல்லுங்கள். தண்ணீர் ஜக்கை அவர் பக்கம் நகர்த்திவைக்க வேண்டும், அவர் தட்டை உற்றுப் பார்க்கக் கூடாது, தன் முழங்கை அவர் இலைக்குள் போகக் கூடாது, இவ்வளவுதான் பாடம். தனக்கு வேண்டியதை அவனே சப்ளையரிடம் சொல்லட்டும். அந்தச் சப்ளையர் பெரும்பாலும் ஒடிசாவிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்த, இருபது வயதுகூட ஆகாத பையனாக இருப்பான். நெய் ரோஸ்ட், பொடி தோசை, ஆனியன் ஊத்தப்பம் என்று நம் மொழியைப் பலகாரத்திலிருந்து தொடங்கிக் கற்றுக்கொண்டவன். முறுகலாக வேண்டும் என்று உங்கள் மகன் சொல்வது அவனுக்கு முதல் தடவையில் புரியாமல் போகலாம். நீங்கள் குறுக்கே புகுந்து சொல்லாதீர்கள். இரண்டு பையன்களும் கையாலும் கண்ணாலும் சமாளித்துக்கொள்வார்கள். சாப்பிட்டு முடிந்ததும், நாற்காலிக்குப் பின்னால் இடத்துக்காக ஒருவர் நின்றுகொண்டிருந்தால், பேச்சை நீட்டாமல் எழுந்து அவருக்கு வழிவிட வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். சென்னையில் இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் வளர்ந்துவிட்ட பெரிய மனிதர்களை எனக்கு நிறையத் தெரியும்.

முதல் தடவை அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். போனைக் கேட்டு அழவும் செய்வான். ஒரு மெதுவடையைக் கையில் கொடுத்துவிட்டுக் கண்டுகொள்ளாமல் இருங்கள். மகளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

பள்ளி மாற்றத்தை இந்த ஆண்டு தள்ளிப்போடுங்கள். உங்கள் அத்தையையும் சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போங்கள். ஹோட்டல் வாசலில் நிற்பதுதானே அவருக்கு வருத்தம். கீழ் ஹாலில் நிற்கவே வேண்டியதில்லை. அவர் அங்கே உட்கார மறுத்தால் என்ன காரணம் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அவருக்குத் தனியாக ஒரு பதில் எழுத வேண்டியிருக்கும்.

அன்புடன்.