தூதரக அதிகாரி சம்பளம் தராவிட்டால் வழக்கே போட முடியாதா?

போடலாம். ஆனால் அவர் தூதரகத்து (எம்பசி) ஆளா, துணைத் தூதரகத்து (கான்சுலேட்) ஆளா என்று முதலில் பாருங்கள். நீங்களோ உங்கள் வீட்டில் யாரோ இப்படி வேலைக்குப் போய் மாட்டியிருக்கிறீர்கள் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

எனக்குக் குளச்சல் பக்கம். வளைகுடாவில் ஒரு துணைத் தூதரக அதிகாரி வீட்டில் டிரைவராக இருந்தேன். பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, அந்த அம்மாவைக் கடைக்குக் கூட்டிப் போவது, இவ்வளவுதான் வேலை, மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை, கேட்டால் "எங்கள் மேல் இந்த நாட்டில் எவனும் கேஸ் போட முடியாது" என்பார். ரூமில் இருந்த நம்ம ஊர்க்காரர்களும் "விட்டுட்டு ஊருக்குப் போ மக்கா" என்றார்கள். வக்கீல் ஆபீஸில் வேலை பார்த்த மார்த்தாண்டத்து அண்ணன் ஒருவர்தான் விஷயத்தைச் சொன்னார். தூதரக அதிகாரிகளுக்கு 1961 வியன்னா உடன்படிக்கை, கைதும் கிடையாது, சிவில் வழக்கும் அநேகமாகக் கிடையாது. துணைத் தூதரகத்துக்கு 1963 உடன்படிக்கை, அதில் அலுவலகக் கடமையாகச் செய்த காரியத்துக்கு மட்டும்தான் வழக்கிலிருந்து விலக்கு. பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது எந்த நாட்டு அரசாங்கக் கடமை? தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள், நோட்டீஸ் போனதும் பாக்கி முழுவதும் வந்தது.

"நீ என்ன வக்கீலா" என்று கேட்க வருகிறவர்களுக்கு: உடன்படிக்கையில் இருப்பதைத்தான் சொல்கிறேன். தூதர்களுக்குப் பாதுகாப்பே கூடாது என்றும் சொல்லவில்லை, அது இல்லாவிட்டால் சண்டை வரும் நேரத்தில் நம் ஆட்களையும்தான் பிடித்து உள்ளே போடுவான்.

தூதரக அதிகாரியே என்றாலும் அவரை அனுப்பிய நாடு விலக்கை விட்டுக்கொடுக்கலாம், அவர் சொந்த நாட்டு நீதிமன்றத்துக்கும் போகலாம். அவர் பதவி முடிந்து கிளம்பிய பிறகு சொந்தக் காரியங்களுக்கு அந்த விலக்கு நிற்காது. 2022இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், வீட்டு வேலைக்காரரை அடிமைபோல வைத்துச் சுரண்டுவது லாபம் பார்க்கிற தொழில், அதற்கு விலக்கு இல்லை என்றே சொல்லிவிட்டது. அதனால் ஒப்பந்த நகல், பேங்க் ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள்.

இதை எழுதும்போது 2012இல் கேரளக் கடல் பக்கம் இத்தாலிக் கப்பலில் இருந்து நம் மீனவர்கள் இருவரைச் சுட்டுக் கொன்ற விஷயம் ஞாபகம் வந்து ஆத்திரமாக வருகிறது. சுட்ட இரண்டு பேரும் தூதர்கள் இல்லை, கடற்படை வீரர்கள். இருந்தும் அரசுப் பணியில் இருந்தவர்கள் என்று 2020இல் சர்வதேச நடுவர் மன்றம் விலக்குக் கொடுத்தது, இங்கே விசாரிக்க முடியாமல் போனது. 2021இல் பத்துக் கோடி ரூபாயோடு வழக்கை முடித்தார்கள். செத்த இருவரில் ஒருவன் எங்கள் குமரி மாவட்டத்துப் பையன், படகும் எங்கள் மாவட்டத்துக்காரருடையது. டிவியில் மட்டும் இன்றைக்கும் "கேரள மீனவர்கள்" என்றே சொல்கிறார்கள். அவனுக்கு ஊர் இல்லையா?