காற்று மெத்தை விடிவதற்குள் தளர்ந்துவிடுவது ஏன்?

கூடாரத்தில் படுப்பதற்காக ஊதி விரிக்கிற, காற்றை இறக்கிச் சுருட்டினால் பைக்குள் அடங்கிவிடுகிற விரிப்புதான் காற்று மெத்தை. ஆடி அமாவாசைக்குத் திருநெல்வேலி மாவட்டத்து மலைக்காட்டில் இருக்கிற சொரிமுத்து அய்யனார் கோயிலில் தங்கப் போகிறவர்களுக்கும் இது உதவும்.

விடியும்போது இடுப்பு தரையில் இடித்தால், உடனே ஓட்டை என்று முடிவுகட்ட வேண்டாம். காற்று குளிர்ந்தால் சுருங்கும். வாயால் ஊதும் காற்று உடம்புச் சூட்டோடு உள்ளே போகிறது. 35 டிகிரியில் அடைத்த காற்று 20 டிகிரிக்கு வந்தால் ஏறக்குறைய 5 சதவீதம் சுருங்கும். பாதி குடித்த தண்ணீர் பாட்டிலை இறுக மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் பக்கம் ஒடுங்குமே, அதேதான். அதனால் படுக்கும் முன் இன்னும் இரண்டு மூச்சு ஊதுங்கள். கல்லு மாதிரி ஊதவும் கூடாது. ஒருக்களித்துப் படுக்கும்போது தோளும் இடுப்பும் கொஞ்சம் அமிழ வேண்டும், இல்லாவிட்டால் கை மரத்துப்போகும்.

சரி, எவ்வளவு நாள் உழைக்கும்? நம் பக்கம் உடைமுள்தான் முதல் எதிரி. தரையைக் கையால் தடவிப் பார்த்துப் பெருக்கிவிட்டு, அடியில் தார்ப்பாய் விரியுங்கள். ஓட்டை விழுந்தாலும் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும், ஒட்டுப்போட்டுவிடலாம். ஊதியபடியே வெயிலில் போடுவதுதான் பெரிய கேடு. காற்று சூடாகி விரிந்து, மேல்துணியையும் கீழ்த்துணியையும் உள்ளே இழுத்துப் பிடிக்கும் ஒட்டுகள் பிய்ந்து, நடுவில் புடைத்துக்கொள்ளும். அதைச் சரிசெய்வது ரொம்பக் கஷ்டம்.

தடிமனான மெத்தை என்றால் குளிராது என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே வெறும் காற்று மட்டும் இருந்தால் அது சுழன்று உடம்புச் சூட்டைத் தரைக்குக் கடத்திவிடும், நுரையோ பஞ்சோ சூட்டைத் திருப்பும் படலமோ இருந்தால்தான் குளிர் தடைபடும்.