அறிக்கையில் பாஸ், ஆற்றில் ஃபெயில்: கழிவுநீர் சுத்திகரிப்பு கேள்வி பதில்

மஞ்சக்குப்பம் வாசகர்: சார், சுத்திகரிப்பு நிலைய அறிக்கையில் பி.ஓ.டி. 18 என்று போட்டிருக்கிறார்கள். அது நல்ல தண்ணீர்தானே? பிறகு ஏன் கோடையில் ஆறு நாறுகிறது?

பி.ஓ.டி. என்பது நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிருக்குத் தேவைப்படும் ஆக்சிஜன். 2017 மத்திய அரசு விதிப்படி கடலூர் போன்ற ஊருக்கு லிட்டருக்கு 30 மி.கி. வரை விடலாம். 2019-ல் பசுமைத் தீர்ப்பாயம் அதை 10-ஆக இறுக்கச் சொன்னது. ஆறு குளிக்கத் தகுதியாக இருக்க வேண்டுமானால் 3-க்குள் வேண்டும். நடுவில் உள்ள வித்தியாசத்தை ஆற்று நீர்தான் ஈடுகட்ட வேண்டும். கோடையில் கெடிலம் ஆற்றில் அதற்கு ஓட்டம் ஏது?

அதைவிட முக்கியம், அம்மோனியா. 2017 பட்டியலில் அது இல்லவே இல்லை. 1 மி.கி. அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற 4.57 மி.கி. ஆக்சிஜன் தின்னும். நிலையத்திலிருந்து 20 மி.கி. வெளியேறினால் ஆற்றுக்கு 91 மி.கி. கடன். மூன்று நாள் பி.ஓ.டி. பாட்டில் இதை முழுசாகக் காட்டாது. அறிக்கையில் அம்மோனியா வரி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

நிலைய ஆபரேட்டர், புதுச்சேரி: எஸ்.பி.ஆர். டேங்கில் (காற்றூட்டுவதும் படியவிடுவதும் ஒரே தொட்டியில் மாறி மாறி நடக்கும் முறை) டி.ஓ. (நீரில் கரைந்த ஆக்சிஜன்) 2 காட்டுகிறது சார். அம்மோனியா மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது.

முதலில் மீட்டரை நம்பாதீர்கள். சென்சாரில் பாசி ஒட்டியிருந்தால் பொய் சொல்லும். துடைத்துவிட்டு, காற்றில் பிடித்துச் சரிபாருங்கள்.

அடுத்து காரத்தன்மை, அதாவது பி.எச். சரியாமல் தாங்கும் சக்தி. 1 மி.கி. அம்மோனியா நைட்ரஜனுக்கு 7.14 மி.கி. செலவாகும். உள்ளே 40 அம்மோனியா வந்தால் 286 வேண்டும். வரும் தண்ணீரில் 250 மட்டும் இருந்தால் பாதி வழியில் பி.எச். சரிந்து நுண்ணுயிர் படுத்துவிடும். வெளியேறும் நீரில் 75-க்குக் குறையாமல் இருக்கட்டும். காற்று ஊதும் ப்ளோயரை நிறுத்தி மிக்சரை மட்டும் ஓட்டும் நேரத்தை நீட்டினால், நைட்ரேட் சிதையும்போது செலவான காரத்தன்மையில் ஏறக்குறைய பாதி திரும்பி வரும், சுண்ணாம்புச் செலவும் மிச்சம்.

செப்டிக் டேங்க் லாரிகள் பகலில் மொத்தமாகக் கொட்டுகின்றனவா? அதைத் தொட்டியில் பிடித்து வைத்து, வரத்து குறைந்த நள்ளிரவில் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.

அதே ஆபரேட்டர்: ஸ்லட்ஜும் (தொட்டியின் நுண்ணுயிர்ச் சேறு) சரியாகப் படிவதில்லை.

ஒரு லிட்டர் ஜாடியில் 30 நிமிடம் வைத்துப் பாருங்கள். படிந்தது 300 மி.லி., எம்.எல்.எஸ்.எஸ். (ஒரு லிட்டர் தொட்டி நீரில் மிதக்கும் திடப்பொருள், மி.கி.) 3,000 என்றால் எஸ்.வி.ஐ. (ஒரு கிராம் ஸ்லட்ஜ் பிடிக்கும் இடம், மி.லி.) 100, கவலையில்லை. 600 மி.லி. என்றால் 200, ஊதிப்போயிருக்கிறது. காரணம் ஸ்லட்ஜின் அளவா, இழை பாக்டீரியாவா என்று அறிய, சுத்திகரித்த நீரைச் சம அளவு கலந்து மறுபடி வையுங்கள். பாதிக்கு வெகு கீழே இறங்கினால் ஸ்லட்ஜ் அதிகம், வெளியே எடுங்கள். இறங்காவிட்டால் இழைதான், டி.ஓ.வையும் எண்ணெய்ப் பசையையும் பாருங்கள். இரண்டு மணி நேரத்தில் கட்டி கட்டியாக மேலே வந்தால் அது நைட்ரஜன் வாயு. அந்த ஜாடியை அவசரமாகக் கழுவிவிடாதீர்கள்.

கடற்கரையோரப் பகுதியில் சி.ஓ.டி. (கழிவை ரசாயனத்தால் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) மட்டும் ஏறுவது ஏன்?

குழாய் விரிசலில் உப்புநீர் கசிந்திருக்கலாம். குளோரைடு 2,000 மி.கி.க்கு மேல் போனால் சி.ஓ.டி. அளக்கும் வழக்கமான டைக்ரோமேட் சோதனை கூட்டிக் காட்டும். முதலில் குளோரைடைப் பாருங்கள்.

தேவனாம்பட்டினம் வாசகர்: அண்ணே, முதல் மழைக்கு மீன் செத்து மிதக்குது. குளோரின்தான் காரணமா?

இருக்கலாம். மனிதருக்குப் பாதகமில்லாத 0.5 மி.கி. எச்சக் குளோரின் (கிருமி கொல்லப் போட்டதில் மிஞ்சியது) மீனுக்கு நஞ்சு. 1 மி.கி.க்கு ஏறத்தாழ 1.5 மி.கி. சோடியம் பைசல்பைட் போட்டுக் கழித்துவிட வேண்டும். ஆனால் முதல் மழையில் என் சந்தேகம் சாக்கடைகளில் மாதக்கணக்கில் ஊறிய சேறு மீதுதான். அது மொத்தமாக ஆற்றில் இறங்கி ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். விடியுமுன், கழிவு நீர் விழும் இடத்துக்கு மேலேயும் கீழேயும் டி.ஓ. எடுங்கள். கடல் வற்றும் நேரத்தில் எடுங்கள். ஏறும்போது கீழ்த் தண்ணீரே மேலே போய்விடும். மேலேயே 2-க்குக் கீழ் இருந்தால் நிலையத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

தெருவில் மழைநீர் நின்றால் மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடலாமா?

கூடாது. அந்த வெள்ளம் நிலையத்துக்குள் பாய்ந்து ஸ்லட்ஜை அப்படியே ஆற்றுக்கு அடித்துக்கொண்டு போகும். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவை இழந்தால் அது திரும்ப வளர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அம்மோனியா ஆற்றுக்குத்தான்.