மூன்று நம்பர் சீட்டும் நூறு நாள் தண்டலும்

கேள்வி: நான் பொள்ளாச்சி அருகே ஒரு நூல் மில்லில் வேலை செய்கிறேன், மாதச் சம்பளம் 9,000 ரூபாய். என் கணவர் தேங்காய் மண்டியில் சுமை தூக்குகிறார், வேலை இருக்கும் மாதத்தில் 18,000 வரை வரும். குடிப்பழக்கம் கிடையாது. ஆனால், வாரம் இருமுறை கோபாலபுரம் தாண்டிப் போய்க் கேரள லாட்டரி வாங்குகிறார். அது போதாதென்று, மண்டிக்கு வரும் ஒருவரிடம் தினமும் 60 ரூபாய் கொடுத்து 'மூணு நம்பர்' எழுதுகிறார். கேரளக் குலுக்கலில் பரிசு விழும் எண்ணின் கடைசி மூன்று எண்ணும் பொருந்தினால் 25,000, கடைசி இரண்டு எண் பொருந்தினால் 1,000, கடைசி எண் மட்டும் பொருந்தினால் 100 ரூபாய் என்று கணக்கு. பஸ் செலவையும் சேர்த்தால் மாதம் ஏறத்தாழ 3,000 ரூபாய் இதில் போகிறது. பணம் போதாமல் தண்டல் வாங்குகிறோம்: 10,000-க்கு 1,500 பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள், தினமும் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஒன்று முடிந்ததும் அடுத்தது வாங்கிவிடுகிறோம். கேட்டால், "சீட்டுப் பிடிப்பது மாதிரிதான் இதுவும், ஒருநாள் மொத்தமாக வரும்" என்கிறார். எங்கள் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய பிறந்தநாள் எண்ணைத்தான் தினமும் எழுதுகிறார். நிறுத்திய மறுநாளே அந்த எண் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று பயப்படுகிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கணவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது, அதை ஒப்புக்கொண்டுவிட்டுத் தொடங்குவதுதான் நியாயம். தினக்கூலி வாங்கும் ஒருவருக்கு ஐம்பதும் நூறுமாக வரும் பணம் ஐம்பதும் நூறுமாகவே கரைந்துவிடுகிறது. கல்லூரிக் கட்டணம், கூரை மாற்றுவது, கல்யாணம் என்று எல்லாத் தேவைகளும் மொத்தத் தொகையாகவே வந்து நிற்கின்றன. வங்கி அவருக்கு எளிதில் கடன் தராது, சம்பள உயர்வு என்ற பேச்சும் இல்லை. அப்படிப்பட்டவருக்குச் சிறு பணம் பெரும் பணமாக மாறும் வழியாகக் கண்ணில் படுவது லாட்டரி ஒன்றுதான். 2023-ஆம் ஆண்டு கேரள அரசின் ஓணம் பம்பர் லாட்டரியின் முதல் பரிசான 25 கோடி ரூபாய், எல்லையோர வாளையாரில் விற்ற ஒரு சீட்டுக்கு விழுந்தது. அதைக் கூட்டாக வாங்கியிருந்தவர்கள் திருப்பூர்ப் பக்கத்து நண்பர்கள் நான்கு பேர். அந்தச் செய்தியை உங்கள் மண்டியில் இன்னும் பேசிக்கொண்டுதான் இருப்பார்கள். அந்த ஆண்டு விற்ற பம்பர் சீட்டுகள் 75 லட்சத்துக்கும் மேல் என்பதை யாரும் பேசியிருக்கமாட்டார்கள்.

கேரளச் சீட்டையும் மூணு நம்பரையும் ஒன்றாகச் சேர்த்துத் திட்டாதீர்கள். இரண்டும் வேறு வேறு. கேரள அரசு 1967 முதல் நடத்திவரும் லாட்டரி சட்டபூர்வமானது, பரிசு விழுந்தால் அரசு பணம் கொடுக்கும். ஆனாலும் நீங்கள் கொடுக்கும் 50 ரூபாயில் ஏறத்தாழ 14 ரூபாய் ஜி.எஸ்.டி.க்கே போய்விடுகிறது, மிச்சத்திலிருந்துதான் ஏஜென்ட் கமிஷன், அச்சுச் செலவு, அரசின் லாபம், பரிசு எல்லாம் வர வேண்டும். விழும் பரிசுக்கும் 30 சதவீத வருமான வரி உண்டு, அதுவரை சீட்டு வாங்கச் செலவழித்ததைக் கழிக்க முடியாது. 1968-ல் தமிழக அரசு பரிசுச் சீட்டைத் தொடங்கியபோது 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்று விளம்பரம் செய்தார்கள். அந்த வாசகத்தின் நேர்மை எனக்குப் பிடிக்கும்: விழாவிட்டால் அந்தப் பணம் உங்களுடையது அல்ல என்பதை அது மறைக்கவில்லை. உங்கள் கணவர் ஒப்பிடும் மாதச் சீட்டில், பணம் எடுக்கும் முறை ஒருநாள் கட்டாயம் வரும், லாட்டரியில் அப்படி இல்லை.

மூணு நம்பரோ வேறு கதை. தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனைக்கு 2003 ஜனவரியிலேயே தடை வந்துவிட்டது. கேரளக் குலுக்கலின் கடைசி மூன்று எண்ணை வைத்துத் துண்டுச் சீட்டில் எழுதும் இந்த வியாபாரத்துக்குப் பின்னால் எந்த அரசும் இல்லை, எழுதியவர் பணம் தராவிட்டால் நீங்கள் போய்ச் சொல்ல இடமும் இல்லை. அவர் நாணயமாகக் கொடுப்பவர் என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள் இருக்கின்றன. ஆயிரத்தையும் ஆளுக்கொன்றாக எழுதினால் வசூல் 60,000 ரூபாய். மூன்றும் பொருந்துபவர் ஒருவர், அவருக்கு 25,000. கடைசி இரண்டு மட்டும் பொருந்துபவர்கள் ஒன்பது பேர், அவர்களுக்கு 9,000. கடைசி எண் மட்டும் பொருந்துபவர்கள் தொண்ணூறு பேர், அவர்களுக்கும் மொத்தம் 9,000. ஆக 43,000 போக, 17,000 ரூபாய் எழுதுபவரிடமே தங்கிவிடுகிறது.

இந்தக் கணக்கில் நான் உங்கள் கணவருக்குக் காட்ட விரும்புவது அந்தத் தொண்ணூற்றொன்பது சின்னப் பரிசுகளை. ஏறக்குறைய பத்துச் சீட்டுக்கு ஒருமுறை நூறோ ஆயிரமோ கைக்கு வருவதால்தான், 'நமக்கும் விழுகிறது, நெருங்கிவிட்டோம்' என்ற எண்ணம் அறுபடாமல் இருக்கிறது. மாதம் 25 நாள் எழுதுபவர் ஆயிரம் சீட்டு எழுதி முடிக்க மூன்று ஆண்டு நான்கு மாதம் ஆகும், 60,000 ரூபாய் போயிருக்கும். அப்படி ஆயிரம் முறை எழுதிய நூறு பேரை வரிசையில் நிறுத்தினால், ஏறத்தாழ 37 பேருக்கு அந்த 25,000 ஒருமுறைகூட விழுந்திருக்காது. நேற்று வரை விழாததால் இன்று விழும் வாய்ப்பு கூடுவதில்லை. மகளின் பிறந்தநாள் என்பது குலுக்கல் இயந்திரத்துக்குத் தெரியாது.

இனி உங்கள் வீட்டின் பெரிய ஓட்டைக்கு வருகிறேன். அது தண்டல். 8,500 ரூபாய்க்கு 1,500 வட்டி என்றால் குறைவாகத் தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், நூறு நாளில் சராசரியாக உங்கள் கையில் இருக்கும் கடன் அதில் பாதிதான். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. ஆண்டுக்கு மூன்று முறை புதுப்பித்தால் 4,500 ரூபாய் போகிறது. எந்த அஞ்சலகமும் வங்கியும் இதற்கு ஈடான லாபம் தராது என்பதால், உங்கள் குடும்பத்துக்கு இப்போது கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த முதலீடு இந்தத் தண்டலை முடித்துவிட்டு மறுபடி வாங்காமல் இருப்பதுதான்.

அதே தண்டலில் உங்கள் வீட்டைப் பற்றிய ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. மண்டியில் வேலை இல்லாத நாளிலும் எப்படியோ நூறு ரூபாயை எடுத்து வைக்கிறீர்கள், ஏனென்றால் சாயங்காலம் ஆனால் டைரியோடு ஒருவர் வாசலில் வந்து நிற்கிறார். மாதம் 3,000 ரூபாய் சேர்க்கும் ஒழுங்கு உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. செலவழித்த பிறகு சேர்க்கிறீர்கள், அவ்வளவுதான். எனவே சேமிப்பும் வாசலுக்கு வர வேண்டும். அஞ்சலகத் தொடர் வைப்புக்கு, அதாவது ஆர்.டி.க்கு, வீடு தேடி வந்து வசூலிக்கும் பெண் முகவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். பணம் கொடுத்ததும் கையெழுத்து வாங்குங்கள், பாஸ்புக்கில் பதிவானதா என்று மாதாமாதம் பாருங்கள்.

செய்ய வேண்டிய வரிசையைச் சொல்கிறேன். மூணு நம்பரை உடனே, முழுவதுமாக நிறுத்த வேண்டும். குறைத்துக்கொள்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. அதில் மிச்சமாகும் மாதம் 1,500 ரூபாயை ஓர் அவசரக் கையிருப்பாக உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைய தண்டல் முடியும்போது அடுத்ததை வாங்கத் தூண்டுவது இந்தக் கையிருப்பு இல்லாததுதான். தண்டல் முடிந்த மறுமாதம் முதல், அதற்குக் கட்டிவந்த 3,000 ரூபாயை ஆர்.டி.யில் போடுங்கள். இப்போதைய 6.7 சதவீத வட்டியில் ஐந்தாண்டு முடிவில், நீங்கள் கட்டிய 1,80,000 ரூபாய் ஏறத்தாழ 2,14,000 ஆகியிருக்கும். பன்னிரண்டு தவணை கட்டிய பிறகு இருப்பில் பாதி வரை கடன் கிடைக்கும் என்பதால், கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் தண்டல்காரரைத் தேட வேண்டியிருக்காது. கணக்கை மூன்று ஆண்டுக்கு முன் மூட முடியாது. அதற்குப் பின் மூடினாலும் சேமிப்புக் கணக்கின் வட்டிதான் கிடைக்கும்.

கேரளச் சீட்டை நான் தடுக்கப் போவதில்லை. வாரத்துக்கு ஒன்று, 50 ரூபாய், டீச்செலவு போல அவருடைய கைச்செலவிலிருந்து இருக்கட்டும். என்னைப் போல ஆலோசனை சொல்லும் தொழிலில் இருக்கும் சிலர் இதை ஏற்கமாட்டார்கள். வேறு பொழுதுபோக்கே இல்லாத ஒரு மனிதரிடமிருந்து எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கினால், அவர் மறைத்து எழுதத் தொடங்குவார் என்பது நான் பார்த்துச் சலித்த ஒன்று. அந்தச் சீட்டுக்காகத் தனியாகப் பஸ் ஏறிப் போக வேண்டாம், வாட்ஸ்அப்பில் வரும் 'ஆன்லைன் கேரள லாட்டரி'யைத் தொடவே வேண்டாம். கேரள அரசு ஆன்லைனில் சீட்டு விற்பதில்லை.

நிறுத்திய மறுநாளே விழுந்துவிட்டால் என்ற பயம்தான் பலரைக் கட்டிப்போடுகிறது. ஒரே எண்ணை எழுதுபவருக்கு அது இன்னும் கடினம், ஏனென்றால் எழுதாத நாளிலும் அவர் முடிவைப் பார்ப்பார். முதல் மூன்று மாதம் மூன்று மணிக்கு முடிவு பார்ப்பதையே விட்டுவிடச் சொல்லுங்கள். மண்டியில் யாராவது சொல்லத்தான் செய்வார்கள். அன்று சண்டை போடாதீர்கள்.

அந்த எண்ணுக்கு வேறோர் இடம் கொடுக்கலாம். 20 ரூபாய் ஆண்டுப் பிரீமியத்தில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் அவர் பெயரைச் சேர்த்து, வாரிசாக மகளின் பெயரையும் பிறந்த தேதியையும் எழுதுங்கள். மூட்டை தூக்குபவருக்கு இது மிகவும் அவசியம். உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் அவர் பதிவு செய்திருக்கிறாரா என்றும் பாருங்கள். பதிவு இருந்தால் மகளின் படிப்புக்கு உதவித்தொகை கேட்க வழி உண்டு.

ஆர்.டி. கணக்கை உங்கள் பெயரில் தொடங்குங்கள். ஆதார், பான், புகைப்படம் கொண்டு போனால் போதும். மகளிர் உரிமைத்தொகை வாங்குபவராக இருந்தால் ஒரு சின்ன யோசனை: அது மாதத்தின் பதினைந்தாம் தேதியை ஒட்டி வருவதால், கணக்கை 16-ஆம் தேதிக்குப் பிறகு தொடங்குங்கள். அப்படித் தொடங்கினால் ஒவ்வொரு தவணையையும் மாதத்தின் கடைசி வேலை நாள் வரை கட்ட அவகாசம் இருக்கும்.