1930-களின் இசைக் காதல் நகைச்சுவைப் படங்களில் பாடல்களை ஓட்டிவிட்டுப் பார்க்கலாமா?

பழைய படங்களை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கிறீர்கள், நேரமும் குறைவு என்று எடுத்துக்கொள்கிறேன். ஓட்டாதீர்கள். குறைந்தது, ரூபன் மமூலியன் இயக்கத்தில் 1932-இல் வெளிவந்த 'லவ் மீ டுநைட்' படத்திலாவது ஓட்டாதீர்கள்.

இதில் எனக்குத் தீராத மனக்குறை உண்டு. ஒரு திரைப்படச் சங்கத்தில் இதைத் திரையிட்டபோது, அமைப்பாளர் "நேராகக் கதைக்குப் போவோம்" என்று சொல்லி, தையற்கடைப் பாடலைத் தாண்டிவிட்டார். கதையே அந்தப் பாடலில்தான் தொடங்குகிறது. பாரிஸில் தையற்காரர் (மொரீஸ் ஷெவாலியே) தம் கடையில் பாடுகிறார். புது உடை அணிந்த வாடிக்கையாளர் அதை முணுமுணுத்தபடி வெளியேற, டாக்சி ஓட்டுநர் பிடித்துக்கொள்கிறார். வண்டியில் ஏறிய இசையமைப்பாளர் மெட்டைக் குறித்துக்கொள்கிறார். ரயிலில் அதைக் கேட்ட படைவீரர்கள் நடைப்பாட்டாக்குகிறார்கள். கடைசியில் நாடோடிகளின் வயலினிலிருந்து கிளம்பி, தொலைவிலுள்ள கோட்டையின் மாடத்தில் நிற்கும் இளவரசியின் (ஜனெட் மக்டொனால்ட்) காதில் விழுகிறது. முகம் பார்க்காத இருவரும் ஒரே மெட்டைப் பாடிவிட்டார்கள். இதைக் காணாத பார்வையாளர்கள், பின்னர் அவர்கள் காதலித்தபோது "லாஜிக்கே இல்லையே" என்று எழுந்து போனார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பழையது என்பதற்காகவே புகழ்கிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியல்ல, பேசும் படம் வந்த புதிதில், கேமராவின் இரைச்சல் பதிவாகிவிடும் என்று அதை அறைக்குள் அடைத்துவைத்ததால், பல படங்கள் நகராமல் நின்றன, அவற்றைப் பார்ப்பது எனக்கும் கடினம்தான். மமூலியனோ, சாலைத் தொழிலாளியின் குந்தாலி, ஒருவரின் குறட்டை, செருப்புத் தைப்பவர்களின் சுத்தியல் என்று ஒலிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தே பாரிஸின் விடியலைக் காட்டிவிடுகிறார். ரிச்சர்ட் ராட்ஜர்ஸ், லாரன்ஸ் ஹார்ட் இணையின் பாடல்களும் கதையை நிறுத்திவைத்துப் பாடப்படுபவை அல்ல. கோட்டைக்கு வந்து பிரபு என்று நம்பப்பட்டவர் வெறும் தையற்காரர் என்று தெரிந்ததும், அந்தச் செய்தியும் பாட்டாகவே கோட்டைக்குள் ஆள்மாறிப் பரவுகிறது: காதலைக் கொண்டுவந்த அதே வழியில் இப்போது சாதிப்பெருமைக்கு நிகரான குலப்பெருமையின் ஏளனம் வருகிறது. தையற்கடைப் பாடலைத் தாண்டியவருக்கு இந்த இரண்டாவது அடி விழவே விழாது.

1934-இல் ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் இறுகிய பின், மறுவெளியீட்டுக்காக வெட்டப்பட்ட சில பகுதிகள் கிடைக்கவே இல்லை. இதில் நடித்த மிர்னா லாய் பாடிய ஒரு பகுதியும் அவற்றில் போயிற்று. எஞ்சியதையும் நாமே வெட்டிப் பார்க்க வேண்டாம். பாடல் வரிகளுக்கும் துணையுரை (சப்டைட்டில்) உள்ள பிரதியைத் தேடி எடுங்கள், ஏனெனில் வசனமே பல இடங்களில் எதுகையோடு பாடலுக்குள் நழுவிவிடுகிறது.