வீட்டிலிருந்து வருவதெல்லாம் நகராட்சிக் குப்பையா?

கேள்வி: ஐயா, எங்கள் மாமியார் வீட்டின் இரண்டாங்கட்டு என்னும் பின்பகுதியைப் பிரித்துக் கட்டுகிறோம். பழைய சுண்ணாம்புக் காரையும் உடைந்த ஆத்தங்குடித் தரைக் கற்களும் வாசலில் குவிந்து கிடக்கின்றன. தூய்மைப் பணியாளர் எடுக்க மறுக்கிறார். வரி கட்டுகிறோமே, இதுவும் நகராட்சிக் குப்பைதானே?
– வாசகி, தேவகோட்டை

பதில்: இல்லை அம்மா. அந்தப் பணியாளர் மீது கோபம் வேண்டாம்.

சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். திடக்கழிவு மேலாண்மை விதிகளில் சமையலறைக் கழிவு, கடை, சந்தைக் கழிவு, தெருக்கூட்டிய குப்பை, தோட்டத்துச் சருகு, சாக்கடையில் அள்ளிய மண் எல்லாமே அடங்கும். கல்யாண வீட்டு எச்சில் இலையும் அதில் சேர்ந்ததே. உரிமம் பெறாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடுகிற விசேஷம் என்றால், மூன்று வேலை நாள் முன்னதாகவே நகராட்சிக்குத் தகவல் சொல்ல வேண்டும். ஆலைக் கழிவு, மின்னணுக் கழிவு, பேட்டரி ஆகியவை இதில் வராது.

கட்டட இடிபாட்டுக்குத் தனி விதிகள் உண்டு. அதை உங்கள் வளாகத்துக்குள்ளேயே வைத்திருந்து, நகராட்சி காட்டும் இடத்தில் சேர்க்க வேண்டும். தெருவிலோ வடிகாலிலோ கொட்டக்கூடாது. நம் ஊர்களில் முற்றத்து மழைநீரே ஊரணிக்குப் போகும்படி முன்னோர் வாட்டம் வைத்துக் கட்டினார்கள். நீர் வரும் அந்த வரத்துக்காலில் இரவோடு இரவாக ஒரு டிராக்டர் காரையைக் கொட்டிவிட்டால், அடுத்த மழைக்கு ஊரணி வறண்டே கிடக்கும். அதைக் கண்ணால் கண்டு வயிறெரிந்திருக்கிறேன்.

முதலில், முழுசாக இருக்கும் கற்களைப் பெயர்த்து எடுத்துவையுங்கள். கண்ணாடியின் மேல் சாயம் ஊற்றிக் கையால் வார்த்து, சூளையில் வைக்காமலே ஆக்கிய கல் அது. ஒட்டுப்போட அதே பழைய கல் கிடைக்காதா என்று தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். தேக்கு நிலை, கதவு இருந்தால் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைபோகும். காரையைத் தளத்துக்கு அடியில் நிரப்பலாமா என்று கொத்தனாரிடம் கேளுங்கள். மிச்சத்தை மட்டும் அனுப்பினால் போதும்.

வீட்டை ஒழிக்கும்போது பழைய மருந்துப் பெட்டி ஒன்று அகப்படும். அதை மட்டும் கவனமாகப் பாருங்கள். நான் பணியில் இருந்தபோது ஒரு பெரிய வீட்டில், ஆச்சியின் இன்சுலின் ஊசிகளைக் கத்தரிக்காய்க் காம்போடு சேர்த்துக் கொட்டியிருந்தார்கள். குப்பையைக் கையால் பிரித்த பணியாளப் பெண்ணின் உள்ளங்கையில் ஓர் ஊசி ஏறிவிட்டது. அவருக்குக் கைக்குழந்தை. மருத்துவமனைக்குக் கூட்டிப் போன வழியெல்லாம், “பிள்ளைக்குப் பால் கொடுக்கலாமா சார்?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஊசி, காலாவதியான மாத்திரை, உடைந்த பாதரச வெப்பமானி, குழல் விளக்கு இவையெல்லாம் வீட்டு அபாயக் கழிவு. ஊசியை மூடியுள்ள கெட்டி டப்பாவில் போட்டு, இன்னது என்று மேலே எழுதி, தூய்மைப் பணியாளரிடம் விவரம் சொல்லி, அவர் கையில் கொடுங்கள்.