நிலா உச்சியில் வரும்போது நம் எடை குறையுமா? கடலையே தூக்கும் நிலா மனிதனை விட்டுவைக்குமா?

குறையும். 60 கிலோ ஆளுக்குச் சுமார் 7 மில்லிகிராம். நிலா காலுக்கு நேர்கீழே, பூமியின் மறுபக்கத்தில் இருக்கும்போதும் அதே 7 மி.கி. குறையும். அடிவானத்தில் இருக்கும்போது 3.5 மி.கி. கூடும்.

இங்கே மாறுவது எடை, அதாவது ஈர்ப்பு நம்மை இழுக்கும் விசை, மட்டும்தான்; உடம்பில் உள்ள பொருளின் அளவான நிறை அல்ல. சந்திரயான்-3 கொண்டுபோன பிரக்யான் ஊர்தியின் நிறை 26 கிலோ. பூமியில் அதன் எடை சுமார் 255 நியூட்டன் (விசையின் அலகு), நிலாவில் 42. தூக்குவது ஆறு மடங்கு சுலபம். ஆனால் ஓடுகிற ஊர்தியை நிறுத்த அங்கேயும் 26 கிலோவுக்கு உரிய விசை வேண்டும். நிலாவில் சுருள்வில் தராசு ஆறில் ஒரு பங்குதான் காட்டும். படிக்கல் வைத்து நிறுக்கும் இருதட்டுத் தராசில் எந்த மாற்றமும் தெரியாது, படிக்கல்லும் அதே அளவு இளைத்திருக்குமே.

7 மி.கி. கணக்கில்தான் பலர் வழுக்குகிறார்கள். பூமி இருக்கும் இடத்தில் நிலாவின் ஈர்ப்பு 0.000033 மீ/வி². இதை 60 கிலோவுக்கு அப்படியே போட்டால் 0.2 கிராம் வரும். அது தப்பு. நிலா உங்களை மட்டும் இழுக்கவில்லை, நீங்கள் நிற்கும் பூமியையும் சேர்த்தே இழுக்கிறது. இருவரும் ஒரே அளவு நகர்ந்தால் தராசுக்கு ஒன்றும் தெரியாது. பூமியின் மையம் நிலாவிலிருந்து 3,84,400 கி.மீ.; உச்சியில் நிலா இருக்கும்போது நீங்கள் அதைவிட 6,371 கி.மீ. கிட்டே இருக்கிறீர்கள். அந்த வித்தியாசத்தால் கிடைக்கும் உபரி இழுப்புதான் 7 மி.கி. மறுபக்கத்தில் இழுப்பு மையத்தைவிடக் குறைவு என்பதால் அங்கே இருப்பவை பின்தங்கும். அதுவும் மையத்தை விட்டு விலகுவதுதான், ஆகவே அங்கேயும் எடை குறைகிறது.

கடலில் ஓதம், அதாவது நீர்மட்டம் ஏறி இறங்குவது, வருவதும் இதே வித்தியாசத்தால்தான். இரு பக்கமும் நீர் உயர்வதால் பெரும்பாலான கரைகளில் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஏற்றம். வெறும் இழுப்புதான் காரணம் என்றால் சூரியன் ஜெயித்திருக்க வேண்டும்; பூமியை அது நிலாவைவிடச் சுமார் 180 மடங்கு பலமாக இழுக்கிறது. ஆனால் இழுப்பின் வித்தியாசம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைவதால், சூரியனால் வரும் ஓதம் நிலாவினதில் பாதிகூட இல்லை. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டும் கைகோப்பதால் ஏற்றமும் வற்றமும் பெரிது; அரைநிலா நாட்களில் சிறிது.

ஆழ்கடலில் இந்த உயர்வு ஒரு மீட்டரைத் தொடாது. மீதியைக் கரையின் வடிவம் தீர்மானிக்கிறது. சென்னையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியும் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஒரு மீட்டர், கொஞ்சம் முன்பின். குஜராத்தின் பாவ்நகரில் 10 மீட்டர், காரணம் காம்பாத் வளைகுடா புனல்போல் குறுகிப் போவது. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் 16 மீட்டர் வரை. அந்த விரிகுடா நீர் தானாக ஆடும் காலம் ஓதத்தின் 12½ மணி நேரத்துக்கு நெருக்கமாக இருப்பதால் ஆட்டம் பெருகிவிடுகிறது.

'உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர், அதையும் நிலா இழுக்கும்' என்பது நிற்காத வாதம். உச்சந்தலைக்கும் உள்ளங்காலுக்கும் 1.7 மீட்டர்தான். அந்த இடைவெளியில் நிலாவின் இழுப்பில் வரும் வித்தியாசம் புவியீர்ப்பில் 30 லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. குளத்திலேயே ஓதம் தெரிவதில்லை.

கண்ணுக்குத் தெரிகிற எடை மாற்றம் வேண்டுமானால் ஊர் மாறினாலே போதும். சென்னையைவிட டெல்லியில் புவியீர்ப்பு சுமார் 0.09 சதவீதம் அதிகம். சென்னையில் சரிபார்த்த மின்னணு நகைத் தராசை அப்படியே டெல்லிக்குக் கொண்டுபோனால் 8 கிராம் சவரனை 7 மி.கி. கூடுதலாகக் காட்டும், புது இடத்தில் படிக்கல் வைத்து மறுபடி சரிபார்க்கச் சொல்வது இதனால்தான். அதே சவரனில் நிலாவின் பங்கு ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு, நகைக்கடைத் தராசு அதை உணரவே உணராது.